வீவக வீட்டில் இசைத்தட்டு கேட்க: குறைந்த செலவில் ஆம்பும் ஸ்பீக்கரும்

பெரியப்பா தன் இசைத்தட்டுகளை என்னிடம் ஒப்படைத்தபோது அறுபது தட்டுக்கு மேல் இருந்தன. பாதி, சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கியவை. 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்படும்வரை அடிக்கடி போய் உட்கார்ந்து தேடுவார். நாய் படம் போட்ட எச்எம்வி தட்டுகள், எண்பதுகளில் வந்த எக்கோ தட்டுகள், இரண்டு மூன்று நாகஸ்வரக் கச்சேரிகள். அவற்றைக் கேட்பதற்காகவே ஒரு டர்ன்டேபிள் வாங்கி, கணினி மேசையில் இருந்த ஸ்பீக்கரோடு இணைத்தேன். தட்டு சுழன்றது, முள் இறங்கியது, வந்ததோ கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். பாடுகிறவரின் குரல் தெரிகிறது, ஆனால் தபேலாவின் அடி இல்லை, பேஸ் கிடாரே இல்லை. வால்யூமை முழுக்கத் திருகியும் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கிறது. ஒரு கடையில் கேட்டேன். "ஸ்பீக்கர் பவர் பத்தலே தம்பி, பெருசா வாங்குங்க" என்றார்கள். வாங்கினேன். அதே கொசுதான்.

பவருக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. டர்ன்டேபிளோடு எதை இணைக்கலாம் என்று யோசிப்பவர்கள் விலையையும் வாட்ஸையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தட்டில் இருக்கும் பள்ளத்தில் முள் ஓடும்போது பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக நுணுக்கமாக அசைகிறது. அந்த அசைவு, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு சின்னக் காந்தத்தை ஆட்டுகிறது, காந்தம் ஆட ஆடப் பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆரம்ப விலை டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் இருப்பது இந்த 'மூவிங் மேக்னெட்' வகைதான். இதிலிருந்து வெளியே வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரு சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும், அதாவது சில நூறு மடங்கு அதிகம். சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் சாதாரண ஆம்ப்ளிஃபயரும் (சுருக்கமாக ஆம்ப்) கணினி ஸ்பீக்கரும் அந்தப் பெரிய அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலை அப்படியே கொடுத்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

சத்தம் சின்னதாக இருப்பது பிரச்சினையில் ஒரு பாதி. மறுபாதி பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போவது. தட்டில் பேஸை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் மிக அகலமாக வளைந்து வளைந்து போகும், ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டுக்கு இடம் இருக்காது, முள்ளும் துள்ளி வெளியே போய்விடும். அதனால் தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, கூட்டிப் பதிகிறார்கள். எவ்வளவு என்றால், 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூடுதல்; மின்னழுத்தக் கணக்கில் சொன்னால் ஒரு முனையில் பத்தில் ஒரு பங்கு, மறுமுனையில் பத்து மடங்கு. கேட்கும்போது இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடுகிறோம். பேஸ் தன் இடத்துக்குத் திரும்புகிறது, கூட்டிவைத்த ட்ரெபிளைக் குறைக்கும்போது தட்டின் 'உஸ்' இரைச்சலும் சேர்ந்து குறைகிறது. எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கும் ஓர் ஏற்பாடு. இதற்கு ஆர்ஐஏஏ என்று பெயர், 1954இலிருந்து இதுவே பொது அளவுகோல்.

இந்த இரண்டு வேலையையும், அதாவது சிக்னலைச் சுமார் நூறு மடங்கு பெருக்குவதையும் ஆர்ஐஏஏ திருத்தத்தையும், சேர்த்துச் செய்யும் சின்னச் சுற்றுக்குத்தான் ஃபோனோ ஸ்டேஜ் அல்லது ஃபோனோ ப்ரீஆம்ப் என்று பெயர். என் கொசுச் சத்தத்துக்குக் காரணம் அது எங்கேயும் இல்லாததுதான்.

அது மூன்று இடங்களில் இருக்கலாம். டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கலாம்: ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ் இரண்டிலும் உண்டு, 'ஃபோனோ', 'லைன்' என்று எழுதிய ஒரு சுவிட்சைத் தேடுங்கள், 'லைன்' பக்கம் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆம்புக்குள் இருக்கலாம்: யமஹா ஏ-எஸ்201, சோனி எஸ்டிஆர்-டிஎச்190, கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏஎக்ஸ்ஏ35 போன்றவற்றின் பின்பக்கம் 'ஃபோனோ' என்று தனி இணைப்பு இருக்கும், பக்கத்திலேயே, ஹம் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் வயருக்கு ஒரு ஸ்க்ரூவும் இருக்கும். இல்லாவிட்டால் தனிப் பெட்டியாக வாங்கலாம், உள்ளங்கை அளவில் பெரிங்கர், ஏஆர்டி, ப்ரோ-ஜெக்ட் எல்லாம் செய்கிறார்கள். ரேகா பிளானர் 1 வாங்கியவர்களுக்கு உள்ளே ஃபோனோ ஸ்டேஜ் கிடையாது, அதனால் ஆம்பிலோ தனியாகவோ கட்டாயம் வேண்டும்.

சங்கிலியில் ஒன்று இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் கொசு. இரண்டு இருந்தால், அதாவது டர்ன்டேபிளின் சுவிட்ச் 'லைன்' பக்கம் இருக்க, வயரை ஆம்பின் 'ஃபோனோ' துளையில் சொருகிவிட்டால், கரகரவென்று உடைந்து, பேஸ் பூதமாக உப்பி வரும். இதைக் கேட்டுவிட்டுத் தட்டு தேய்ந்துவிட்டது என்றும் முள் போய்விட்டது என்றும் நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சுவிட்சை மாற்றினால் போதும்.

சரி, இப்போது ஸ்பீக்கருக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது. ஆம்பை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்று, தனி ஆம்ப் தேவைப்படும் பாசிவ் ஸ்பீக்கர் இன்னொன்று. உங்கள் டர்ன்டேபிளுக்குள் ஃபோனோ இருந்து, கையில் இருநூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் இப்போதைக்கு இல்லை என்றால், யோசிக்காமல் முதல் வழியில் போங்கள். எடிஃபையர் ஆர்1280 வரிசை மாதிரி ஒரு ஜோடி, டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் இணைக்க ஒரு ஆர்சிஏ வயர், முடிந்தது. மேசைமேல் வைக்கும் சின்ன யுஎஸ்பி ஸ்பீக்கர்கள் இதற்குப் போதாது. நம் ஊர் நிறுவனமான கிரியேட்டிவ் செய்யும் பெபிள் எனக்குப் பிடித்த பொருள்தான், ஆனால் அது கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பதற்கானது. வரவேற்பறையில் தவில் கேட்க அந்த இரண்டு அங்குலக் கூம்பு எந்த மூலைக்கும் காணாது.

ஐந்நூறு வெள்ளி வரை போக முடியும் என்றால் பாசிவ் ஸ்பீக்கரும் தனி ஆம்பும் வாங்கச் சொல்வேன். காரணம் எளிமையானது, ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், நாளைக்கு நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் ஆம்ப் அப்படியே இருக்கும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் உள்ளே இருக்கும் பலகை போனால் பெரும்பாலும் முழு ஜோடியும் வேஸ்ட்.

இந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது? பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளைச் சாதாரண ஒலி அளவில் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றிக் கேட்டால் வாசலில் நிற்பவருக்கும் தெரியும். அதனால் என் கணக்கு இப்படி: புதிதோ பழையதோ, ஸ்பீக்கர் ஜோடிக்கு 300 வெள்ளி, ஃபோசி அல்லது அயீமா போன்ற சின்ன கிளாஸ்-டி ஆம்புக்கு 100 வெள்ளி சுற்றி, தனி ஃபோனோ பெட்டி வேண்டுமென்றால் அதற்கு 50 முதல் 80, மிச்சத்தில் ஸ்பீக்கர் வயர். வயருக்கு 16 கேஜ் செம்புக்கம்பி ஐந்தாறு மீட்டர் போதும். வயரில் பணத்தைக் கொட்டச் சொல்கிறவர்களுக்கு இந்த விலையில் காது கொடுக்காதீர்கள்.

அடுத்து வாட்ஸ். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆயிரம் வாட்ஸ் என்று பெட்டிமேல் எழுதியிருந்தால் கை தானாகப் போகிறது. நாம் இருப்பது வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில். வரவேற்பறையில் சோபாவிலிருந்து ஸ்பீக்கர் வரை இரண்டரை மீட்டர் இருந்தால் பெரிது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும், 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். 87 டெசிபெல் என்பது எதிரே இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டிய சத்தம். சோபாவில் உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், ஆனால் ஸ்பீக்கர் இரண்டு இருக்கிறது, சுவர்களும் திருப்பி அனுப்புகின்றன. ஆக நீங்கள் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவது ஒரு வாட்ஸோ அதற்கும் குறைவோதான். தவிலில் திடீரென்று ஒரு அடி விழும்போது பத்து மடங்கு தேவைப்படலாம், அதற்கும் பக்கத்துக்கு 20, 30 வாட்ஸ் தாராளம். இன்னொன்று, வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். 50க்கும் 100க்கும் நடுவில் காதுக்குத் தெரிவது கொஞ்சூண்டு வித்தியாசம். அதே 3 டெசிபெல்லை 84க்குப் பதிலாக 87 சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கர் வாங்கிச் சும்மாவே பெறலாம்.

பெட்டிமேல் இருக்கும் எண்ணைப் படிக்கும்போது 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று இருக்கிறதா, எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) அளந்தார்கள் என்று பாருங்கள். 'பிஎம்பிஓ' (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்) என்றிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். ஸ்பீக்கர் 6 அல்லது 8 ஓம் என்றால் எந்தச் சின்ன ஆம்பும் சமாளிக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் ஆம்பிடம் அதிக மின்னோட்டம் கேட்கும், ஆம்பின் பின்னால் 4 ஓம் அனுமதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஸ்பீக்கரின் அளவைப் பொறுத்தவரை, நாலறை வீட்டுக்கு ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) கொண்ட, அலமாரியில் வைக்கும் அளவிலான புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். வார்ஃப்டேல் டைமண்ட், கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020, எலாக் டெபூ, டாலி ஸ்பெக்டர் எல்லாம் இந்த ரகம். புதிதாக வாங்க முடியாவிட்டால் முந்தைய தலைமுறை மாடல்களைக் கரோசல் என்ற இணையச் சந்தையில் தேடலாம். பேஸுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டியான சப்வூஃபர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தட்டே: நம் தட்டுகள் பல, வெயில் படும் அலமாரியில் படுக்கப்போட்டு அடுக்கியதால் லேசாக வளைந்திருக்கும், அந்த வளைவு சுற்றிவரும்போதெல்லாம் முள் மேலும் கீழும் போகும், அது காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வாக ஆம்புக்குப் போய் வூஃபரை விசிறி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டும். சப்வூஃபர் இதைப் பிடித்துப் பெரிதாக்கும். உங்கள் ஆம்பிலோ ஃபோனோ பெட்டியிலோ 'சப்சோனிக் ஃபில்டர்' என்று ஒரு பொத்தான் இருந்தால் போட்டுவையுங்கள்.

வாங்கும் முன் கேட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் கோல்மன் தெருவில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் ஹை-ஃபை கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலை உயர்ந்த பொருள்களைப் பார்த்துத் தயங்கிவிடாமல், என் பட்ஜெட் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். நான் மிருதங்கத்தைத்தான் கவனிப்பேன். தொப்பிப் பக்கத்தின் 'கும்'மும் வலந்தலையின் 'நம்'மும் தனித்தனியாக, ஒன்றையொன்று மூடாமல் வருகிறதா? பாடகரின் 'ச' எழுத்து காதைக் குத்துகிறதா? இரண்டு பாட்டில் தெரிந்துவிடும்.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் மூன்று விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், மூன்றும் இந்த ஊரில் முக்கியமானவை. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அது ஃபோமால் ஆனதென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் அவல் மாதிரி உதிர ஆரம்பிக்கும். நான் வாங்கிய முதல் பழைய ஜோடி வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து துணிமூடியைக் கழற்றி விரலால் தொட்டதும் வளையம் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து மூடியைக் கழற்றிக் காட்டாதவரிடம் வாங்குவதில்லை. ரப்பர் வளையம் என்றால் நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது மின்சாரம். அழகான பழைய ஜப்பானிய ஆம்புகள் மலிவாக விற்பனைக்கு வரும், அவற்றில் பல ஜப்பானுக்குள் விற்ற 100 வோல்ட் மாடல்கள். நம் வீட்டில் 230 வோல்ட். நேராகச் சொருகினால் புகைதான் வரும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, 100 என்றால், 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் அதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டர்ன்டேபிளுக்கு இதில் இன்னொரு சிக்கல்: ஏசி மோட்டார் கொண்ட சில பெல்ட் டிரைவ் (ரப்பர் பட்டையால் தட்டைச் சுழற்றும்) மாடல்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடுபவை. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே 50இல் ஓட்டினால், வோல்டேஜ் சரியாக இருந்தாலும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்.

மூன்றாவது, வால்யூம் குமிழ். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்ளே துருவும் தூசியும் சேர்ந்து, திருகும்போது கரகரக்கும். இது சின்னக் குறைதான், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வீட்டில் எங்கே வைப்பது என்பது வாங்குவதற்குச் சமமான வேலை. டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே டிவி அலமாரிமேல் உட்காரக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக முள்ளுக்குப் போய், அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி முள்ளுக்குப் போய், வால்யூமைக் கூட்டியதும் 'ஊ' என்று ஊளையிடும். இடம் இல்லை என்றால் ஸ்பீக்கரைத் தனி ஸ்டூலிலாவது வையுங்கள். உச்ச ஒலி தரும் சின்ன ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணமாக இருந்தால் நல்லது. பின்சுவரிலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் தள்ளி வைத்துப் பாருங்கள், மூலையில் ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கும்.

எல்லாம் இணைத்தபிறகு 'ம்ம்ம்' என்று தொடர்ந்து ஒரு ஹம் வந்தால், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்ட் வயரை ஃபோனோ பெட்டியின் ஸ்க்ரூவில் முடுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

கடைசியாக ஒரு சோதனை, இதற்குப் பழைய தமிழ்த் தட்டுகளைவிட நல்ல கருவி இல்லை. அறுபதுகளின் திரைப்பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். ஒன்றைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நின்று பாட வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் மெலிந்து இருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டது. ஆம்பை அணைத்துவிட்டு அந்த ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிச் சொருகுங்கள்.

என் வீட்டிலும் அப்படித்தான் மாறியிருந்தது. மாற்றிவிட்டு அதே தட்டைத் திரும்பப் போட்டபோது பெரியப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு டிவிக்கு நேர்மேலே, ஒன்றுமே இல்லாத வெறும் சுவரைப் பார்த்தார். "அங்கேதான் நிக்கிறார்டா" என்றார்.